உப்புச் சமவெளியில் ஓடும் அதிவேகக் கார்களில் ஈயக் கட்டிகளை ஏற்றுவது ஏன்?

பந்தயக் கார் என்றால் எடையைக் குறைக்கத்தானே வேண்டும் என்கிறீர்கள். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் வேகச் சாதனை ஓட்டங்கள் நடக்கும் பானவில் உப்புச் சமவெளியில் அந்தக் கணக்கு செல்லாது. ஓடுபாதை மைல்கணக்கில் நீள்வதால் வேகமெடுக்க அவகாசம் உண்டு; உச்ச வேகத்தை மறிப்பது பெரும்பாலும் காற்றுதான். உப்பிலோ பிடிப்பு குறைவு, சக்கரம் வீணாகச் சுழலும். இறக்கை பொருத்திக் காரைக் கீழே அழுத்தினால் காற்றுத்தடையும் கூடிவிடும். ஈயமோ தன் எடையால் சக்கரத்தை உப்பில் அழுத்திப் பிடிப்பைக் கூட்டும்; காற்றுத்தடை என்ற வம்பு இல்லை.

எங்கே வைப்பது என்பதில்தான் சூட்சுமம். அம்பைப் பாருங்கள்: முனையில் கனம், வாலில் இறகு. காரிலும் ஈர்ப்பு மையம் (மொத்த எடையும் குவிந்திருப்பதாகக் கொள்ளும் புள்ளி), பக்கவாட்டுக் காற்றுவிசை செயல்படும் மையத்துக்கு முன்னால் இருக்க வேண்டும். அப்போது மூக்கு சற்று விலகினாலும் காற்றே அதை நேராக்கும். இடம் மாறினால் அதே காற்று காரைச் சுழற்றியடிக்கும். 1997இல் ஒலிவேகத்தைத் தாண்டிய திரஸ்ட் எஸ்எஸ்சி காரில் கனமான ஜெட் எஞ்சின்கள் முன்பக்கமும் செங்குத்துத் துடுப்பு வாலிலும் இருந்தன.