விளக்குப் பணம்

அன்புள்ள அண்ணா,

க.க. சாவடியிலிருந்து தினமும் வாளையார் தாண்டி, கேரளத்துக் கஞ்சிக்கோட்டில் ஓர் இரும்பு ஆலைக்குப் போய்வருகிறேன். மூன்று மாதமாகச் சம்பளத்தில் 200 ரூபாய் பிடிக்கிறார்கள். கேட்டால் அய்யப்பன் விளக்குப் பூஜைக்காம். நான் கிறிஸ்தவன். 2024 தேர்தலில் ஓட்டுப்போட வந்த நாளுக்கும் கூலி வெட்டினார்கள். அரசியல் சட்டத்தில் மத உரிமை இருக்கிறதே, அதைக் காட்டிக் கேட்கலாமா?

ஒரு வாசகன்

அன்புள்ள தம்பிக்கு,

கேளுங்கள், ஆனால் அதைக் காட்டிக் கேட்காதீர்கள். மத உரிமை தரும் 25ஆம் பிரிவு பெரும்பாலும் அரசின் கையைத்தான் கட்டும். தேசிய கீதம் பாடாத மூன்று கேரளப் பிள்ளைகளை மறுபடி பள்ளியில் சேர்க்கும்படி 1986இல் உச்ச நீதிமன்றம் சொன்னது அந்தப் பிரிவையும் வைத்துத்தான். ஆனால் அங்கே பிள்ளைகளை வெளியேற்றச் சொன்னது கல்வித்துறை அதிகாரி. உங்கள் முதலாளி அரசு இல்லையே.

சம்பளத்தில் எதையெல்லாம் பிடிக்கலாம் என்று 1936ஆம் ஆண்டு ஊதியச் சட்டத்திலேயே பட்டியல் இருந்தது: வராத நாள், முன்பணம், பி.எஃப். இப்படி. அதன் இடத்துக்கு வந்த 2019 ஊதியச் சட்டத்தொகுப்பிலும் அப்படித்தான். கோயில் விளக்கும் கட்சி வசூலும் அதில் கிடையாது. நான் ஒரு மில்லில் கணக்கெழுதிய காலத்தில் கட்சி மாநாட்டுக்கென்று ஆளுக்கு 50 ரூபாய் பிடித்தார்கள். நானும் அதே கட்சிதான், அப்படியும் வயிறு எரிந்தது.

அதனால் "நான் கிறிஸ்தவன்" என்று ஆரம்பிக்காதீர்கள். பேச்சு சாமி பக்கம் போய்விடும், பணம் போனது போனதுதான். "இது எந்தக் கணக்கில் பிடித்தம்?" என்று எழுத்தில் கேளுங்கள். மாலை போட்ட பக்கத்து மெஷின்காரரும் கூடவே கையெழுத்துப் போடக்கூடும். அவருக்கும் 200 ரூபாய் போயிருக்குமே.

ஓட்டு விஷயம் வேறு. அந்த வருஷம் தமிழ்நாட்டில் ஏப்ரல் 19, கேரளத்தில் 26. "இங்கே 26தான் லீவு" என்றிருப்பார்கள். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 135பி பிரிவுப்படி, உங்களுக்கு ஓட்டு உள்ள ஊரில் தேர்தல் நடக்கும் நாளில்தான் உங்களுக்குச் சம்பளத்தோடு விடுமுறை. ஆள் இல்லாவிட்டால் ஆபத்தோ பெரிய நஷ்டமோ வரும் வேலைக்கு விலக்கு உண்டு. நீங்கள் உலை முன்னால் நிற்பவரென்றால் அதைச் சொல்லித் தட்டிக்கழிப்பார்கள். மீறும் முதலாளிக்கு அபராதம் 500 ரூபாய் வரை. உங்களிடம் மூன்று மாதத்தில் அதைவிட அதிகமாகவே பிடித்துவிட்டார்கள்!

அப்புறம், ஆலை கேரளத்தில் இருப்பதால் பாலக்காடு தொழிலாளர் அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும், கோயம்புத்தூரில் அலையாதீர்கள். மூன்று மாதச் சம்பளச் சீட்டையும் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். சீட்டே தருவதில்லை என்றால் மனுவில் முதலில் அதை எழுதுங்கள்.