பைத்தானில் 'எனி'யும் 'ஆல்'லும்: காலி லிஸ்ட் தந்த நல்ல செய்தி

கேள்வி (உட்லண்ட்ஸ் மாணவி): அக்கா, புகைமூட்டம் வந்தால் டெலிகிராமில் எச்சரிக்கை அனுப்ப பைத்தான் நிரல்மொழியில் ஸ்கிரிப்ட் எழுதுகிறேன். சிங்கப்பூரின் வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு, மத்தி என ஐந்து வட்டாரங்களின் பிஎஸ்ஐ (காற்றுமாசுக் குறியீடு) அளவும் ஒரு லிஸ்டில் இருக்கிறது. ஏதாவது ஒன்று 100ஐத் தாண்டியதா என்று பார்க்க லூப் எழுதணுமா?

பதில்: வேண்டாம்மா. எனி(எக்ஸ் > 100 ஃபார் எக்ஸ் இன் அளவுகள்) போதும். ஒன்று தாண்டினாலே ட்ரூ, மீதியைப் பார்க்காது. 'ஆல்' அப்படியே எதிர்: ஒன்று தவறினால் ஃபால்ஸ். 2006ல் வந்த பைத்தான் 2.5 முதலே இரண்டும் உண்டு. 101லிருந்துதான் ஆரோக்கியமற்ற நிலை, அதனால் உங்கள் எல்லைக்கோடு சரி.

கேள்வி (ஜூரோங் வாசகர்): நானும் அதையேதான் செய்கிறேன், எல்லா அளவும் 100க்குள்தானா என்று 'ஆல்' வைத்து. நேற்றிரவு தரவே வரவில்லை, லிஸ்ட் காலி. ஆனாலும் "தீவு முழுக்கக் காற்று நன்று" என்று செய்தி போய்விட்டது! பைத்தானில் பிழையா?

பதில்: பிழை இல்லை தம்பி. 'ஆல்' தேடுவது நிபந்தனைக்கு ஒத்துவராத ஒன்றை. காலி லிஸ்டில் அது எங்கே கிடைக்கும்? அதனால் ட்ரூ. 'எனி'க்கு அங்கே ஃபால்ஸ். ஒரு லிஸ்டை இரண்டாகப் பிரித்து, இரண்டுக்கும் தனித்தனியே 'ஆல்' போட்டு 'அண்ட்' சேர்த்தால் அதே விடை வரவேண்டும். ஒரு பாதி காலியாக இருந்து அது ஃபால்ஸ் என்றால் மொத்தக் கணக்கும் கெட்டுவிடும். ஜாவாஸ்கிரிப்டின் 'எவ்ரி'யும் இப்படித்தான்.

ஆனால் ஆஸ்துமா உள்ள பிள்ளையை வெளியே விடலாமா என்று உங்கள் செய்தியைப் பார்ப்பவருக்கு இந்தத் தர்க்கம் எதற்கு? முதலில் லென்(அளவுகள்), அதாவது லிஸ்டில் உள்ள எண்ணிக்கை, 5 தானா என்று பாருங்கள். குறைந்தால் "தரவு இல்லை" என்று மட்டும் அனுப்புங்கள். இதை விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: 'எனி', 'ஆல்' அடைப்புக்கு உள்ளே சதுர அடைப்பு போட்டால் என்ன?

பதில்: முழு லிஸ்டும் முதலில் தயாராகிவிடும், பாதியில் நிற்கிற லாபம் போச்சு. ஐந்து எண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஒவ்வொன்றையும் இணையத்திலிருந்து எடுப்பதாக இருந்தால் நன்றாகவே தெரியும்.

கேள்வி (ஈசூன் வாசகி): எக்ஸ் > 100 கணக்கை வளைவு அடைப்பில் ஒரு பெயரில் வைத்து, முதலில் 'எனி', பிறகு 'ஆல்' கேட்டேன். ஒன்றுகூடத் தாண்டவில்லை என்றது, உடனே எல்லாமே தாண்டின என்றது!

பதில்: நீங்கள் வைத்தது ஜெனரேட்டர், ஒரு முறைதான் ஓடும். எதுவும் தாண்டாததால் 'எனி' கடைசிவரை போய் அதைத் தீர்த்துவிட்டது. 'ஆல்'லுக்குக் கிடைத்தது வெறும் காலி, மேலே ஜூரோங் தம்பிக்கு நடந்த அதே கதை. இரண்டு முறை கேட்க வேண்டிய இடத்தில் சதுர அடைப்பே போடுங்கள்.