வாசகர் கேள்வி: ராமச்சந்திரனின் கண்ணாடிப் பெட்டி

நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரனைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு பக்கக் குறிப்பு வெளியிட்டிருந்தோம். அதையொட்டி வந்த கடிதங்களில் நான்கினுக்கு இங்கே பதில் அளிக்கிறோம்.

கேள்வி (வாசகர், செந்தூல், கோலாலம்பூர்): துண்டிக்கப்பட்ட கையில் வலி இருப்பதாகச் சொன்னவர்களை அவர் ஒரு சாதாரணக் கண்ணாடியைக் கொண்டே தேற்றினார் என்று எழுதியிருந்தீர்கள். இத்தனை ஆண்டு ஆய்வு வாழ்க்கையின் சாரம் ஒரு கண்ணாடிதானா, ஐயா?

பதில்: கண்ணாடிக்கு முன்பே அவருக்கு இருபது ஆண்டு வரலாறு உண்டு. 1951இல் தமிழ்நாட்டில் பிறந்தவர், சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படிக்கும்போதே, இரு கண்களும் சேர்ந்து ஆழத்தை எவ்வாறு உணர்கின்றன என்பது குறித்து 'நேச்சர்' இதழில் எழுதத் தொடங்கிவிட்டார். பிறகு கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்று, 1983 முதல் சான் டியேகோவிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். அந்தக் காலத்துக் கட்டுரைகளில் பெரும்பாலானவை பார்வையைப் பற்றியவை. மேற்பாதி வெளிச்சமாகவும் கீழ்ப்பாதி இருட்டாகவும் தீட்டிய வட்டம் மேடாகத் தெரியும். தாளைத் தலைகீழாகத் திருப்பினால் அதே வட்டம் குழியாகிவிடும். ஒளி மேலிருந்துதான் வரும் என்று மூளை தானாகவே எடுத்துக்கொள்கிறது என்பதை 1988இல் வெளிவந்த கட்டுரையில் இத்தகைய எளிய படங்களாலேயே காட்டினார். பென்சிலும் தாளும் உள்ள எவரும் வீட்டிலேயே செய்து பார்க்கலாம்.

1991இல் திமத்தி பான்ஸும் குழுவினரும் 'சயன்ஸ்' இதழில் ஒரு முடிவை வெளியிட்டனர். பல ஆண்டுகளுக்கு முன் கையின் உணர்வு நரம்புகள் துண்டிக்கப்பட்ட குரங்குகளில், முகத்தைத் தொட்டால் மூளையில் கைக்கு உரிய பகுதி கிளர்ச்சியடைந்தது. மூளையின் உடல் வரைபடத்தில் கையும் முகமும் அண்டை வீட்டார் என்பது மூளை அறுவை மருத்துவர் வைல்டர் பென்ஃபீல்ட் காலத்திலேயே தெரிந்த செய்திதான். குரங்குக்கு நேர்ந்தது மனிதருக்கும் நேருமா என்று கேட்ட ராமச்சந்திரன், கையிழந்த ஓர் இளைஞரின் கண்களைக் கட்டிவிட்டு, காது துடைக்கும் பஞ்சுக் குச்சியால் கன்னத்தைத் தொட்டார். கன்னத்தோடு சேர்த்து, இல்லாத கையின் கட்டைவிரலையும் தொடுவதுபோல் இருப்பதாக அந்த இளைஞர் சொன்னார். மேலுதட்டைத் தொட்டபோது சுட்டுவிரல். இந்த வரிசையில் வந்ததே 1992ஆம் ஆண்டின் 'சயன்ஸ்' கட்டுரை.

கண்ணாடிப் பெட்டி அதன் பிறகு வந்தது. இல்லாத கை இறுக மூடியே கிடக்கிறது, நகங்கள் உள்ளங்கையில் குத்துகின்றன என்று தவித்தவர்களுக்கு, நலமான கையின் பிம்பத்தை மற்றக் கையின் இடத்தில் காட்டினால் மூளை 'விரல்கள் திறந்துவிட்டன' என்று நம்பக்கூடும் என்பதே எண்ணம். மனைவி டயான் ரோஜர்ஸ்-ராமச்சந்திரனுடன் சேர்ந்து இதை எழுதி, 1996இல் லண்டன் ராயல் சொசைட்டியின் ஆய்விதழில் வெளியிட்டார்.

கேள்வி (வாசகி, பிரிக்பீல்ட்ஸ்): ஆட்டிசத்துக்குக் காரணம் 'கண்ணாடி நியூரான்' கோளாறு என்று அவர் கண்டுபிடித்ததாகப் பள்ளியில் ஒருவர் சொன்னார். உண்மையா?

பதில்: ஒரு செயலை நாமே செய்யும்போதும் பிறர் செய்வதைப் பார்க்கும்போதும் கிளர்ச்சியடையும் மூளைச் செல்களையே கண்ணாடி நியூரான்கள் என்கிறார்கள். அப்படி ஒரு கருதுகோளை ராமச்சந்திரனும் அவர் குழுவினரும் 2000களின் நடுவில் முன்வைத்தது உண்மை. ஆனால் அது கண்டுபிடிப்பாக நிலைபெறவில்லை. பின்வந்த சோதனைகள் பல அதற்குத் துணை நிற்கவில்லை. அதை நம்பி எந்தப் பயிற்சிக்கும் பணம் கட்டிவிட வேண்டாம், அம்மா.

கேள்வி (மாணவி, பாயான் லெப்பாஸ், பினாங்கு): நரம்பியல் ஆய்வில் ஈடுபட விரும்புகிறேன். ஓர் ஆய்வாளரின் வெளியீட்டுப் பட்டியலை எப்படிப் படித்து எடைபோடுவது?

பதில்: எண்ணிக்கையைக் கடைசியில் பாருங்கள். இத்துறையில் பெரும்பாலும் முதலில் இருக்கும் பெயர் வேலையைச் செய்தவருடையது, கடைசிப் பெயர் ஆய்வுக்கூடத் தலைவருடையது. அந்த வரிசையைப் பார்த்தாலே ஒருவர் மாணவராக இருந்த காலமும் வழிகாட்டியான காலமும் புலப்படும். அதைவிட முக்கியம், ஒரு கட்டுரைக்குப் பின்னால் வந்தவை அதை என்ன செய்தன என்பது. ராமச்சந்திரன் இதற்கு நல்ல பாடம். பாராட்டு விழாக்களில் யாரும் இதைச் சொல்வதில்லை என்பதால் நான் சொல்கிறேன். முகம் வந்து கையின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது என்ற விளக்கத்தை நரம்பியல் ஆய்வாளர் டாமர் மேக்கின் குழுவினர் 2013 முதல் கேள்விக்குள்ளாக்கி வருகின்றனர். கையை அகற்றும் அறுவைக்கு முன்பும் பின்பும் மூன்று பேரின் மூளையைப் படம்பிடித்து 'நேச்சர் நியூரோசயன்ஸ்' இதழில் 2025இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையின்படி, இல்லாத விரல்களை அசைக்க முயலும்போது தோன்றும் வரைபடம் ஏறத்தாழ பழையபடியே இருக்கிறது. உதட்டின் பகுதி அங்கே படையெடுத்து வரவில்லை. 1992இல் அந்த இளைஞர் உணர்ந்தது பொய் என்று இதற்குப் பொருளில்லை. அவர் உணர்ந்ததற்கு மூளையில் கூறப்பட்ட காரணமே இப்போது சர்ச்சையில் இருக்கிறது. ஒருவரையோ சிலரையோ உற்று நோக்கி எழுதும் ஆய்வுக்கு உள்ள வலிமையும் வரம்பும் இதுவே: கேள்வியை அது அழகாக எழுப்பிவிடும், முடித்துவைக்கும் வேலை பலரை வைத்துச் சோதிப்பவர்களுக்குப் போய்ச் சேரும்.

ஆகவே ராமச்சந்திரனின் 1992ஆம் ஆண்டுக் கட்டுரையையும் மேற்சொன்ன 2025ஆம் ஆண்டுக் கட்டுரையையும் அடுத்தடுத்து வைத்துப் படியுங்கள். படிப்பைப் பொறுத்தவரை, நீங்கள் வசிக்கும் பினாங்கில் தலைமை வளாகம் கொண்ட மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்துக்குக் கிளந்தான் குபாங் கெரியான் மருத்துவ வளாகத்தில் நரம்பியல் துறை இருக்கிறது, விசாரித்துப் பாருங்கள்.

கேள்வி (வாசகர், பட்டர்வொர்த்): இனிப்புநீரால் என் தந்தையின் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இல்லாத பெருவிரல் முறுக்கி வலிப்பதாக இரவில் எழுந்து உட்காருகிறார். உறவினர்கள் மனக்கோளாறு என்கிறார்கள். கண்ணாடியை வீட்டிலேயே வைத்துப் பார்க்கலாமா?

பதில்: மனக்கோளாறு அன்று, உறுப்பை இழந்தவர்களில் மிகப் பலருக்கு ஏற்படும் உணர்வு இது. அமெரிக்க மருத்துவர் சைலஸ் வியர் மிட்செல் உள்நாட்டுப் போரில் காயமுற்ற வீரர்களிடம் இதைக் கண்டு 19ஆம் நூற்றாண்டிலேயே எழுதியிருக்கிறார். உறவினர்களிடம் இதைச் சொல்லுங்கள். வலியைவிட அவர்கள் பேச்சு உங்கள் தந்தையை அதிகம் வருத்தியிருக்கலாம்.

கால் இழந்தவர்களுக்கு இம்முறை உதவுமா என்பதை 2007இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வந்த ஒரு சிறு ஆய்வு சோதித்தது. முடிக்கும்வரை இருந்தவர்கள் 18 பேர். நாளுக்கு 15 நிமிடம் வீதம் நான்கு வாரம் கண்ணாடியைப் பார்த்துப் பயிற்சி செய்த ஆறு பேருக்கும் வலி குறைந்தது. மூடிய கண்ணாடியை வைத்துக்கொண்டவர்களில் ஒருவருக்கே குறைந்தது. பின்வந்த ஆய்வுகள் எல்லாமே இவ்வளவு தெளிவாக இல்லை. செலவும் ஆபத்தும் குறைவு என்பதால் மருத்துவர்கள் இன்றும் இதைப் பயன்படுத்துகிறார்கள்.

செய்முறை எளிது. கட்டிலில் கால் நீட்டி அமரச் செய்து, இரு கால்களுக்கும் நடுவே நீளக் கண்ணாடியைச் செங்குத்தாக, முகப்பு வலது காலை நோக்கியிருக்கும்படி நிறுத்துங்கள். வலது பாதத்தை மெல்ல மடக்கி நீட்டியவாறே பிம்பத்தைப் பார்க்க வேண்டும். இல்லாத காலையும் அவ்வாறே அசைப்பதாக மனத்தில் முயல வேண்டும். இழந்த காலை முழுமையாகக் கண்டதும் அழுகை வருவதுண்டு. முதல் சில நாள்கள் உடன் இருங்கள்.

ஆனால் தொடங்குமுன் மருத்துவமனையின் பிசியோதெரபி பிரிவில் காட்டிவிடுங்கள். வெட்டுண்ட முனையில் ஆறாத புண்ணோ நரம்பு முடிச்சோ இருந்தாலும் இதேபோல் வலிக்கும். அதற்குக் கண்ணாடி பயன்படாது. இனிப்புநீர் உள்ளவர் என்பதால் வலது பாதத்தின் உணர்ச்சியையும் அதே வருகையில் சோதிக்கச் சொல்லுங்கள்; அங்கேயும் மரத்துப்போயிருந்தால் பயிற்சியை எப்படி மாற்றுவது என்று அவர்கள் சொல்வார்கள்.