தேடலில் தெரியாத தளம்: கேள்விகளும் பதில்களும்

முப்பது பக்கம் முதல் சில நூறு பக்கம் வரையுள்ள தளங்களைப் பற்றிக் கேளுங்கள். விளம்பரம், யூடியூப், பெரிய விற்பனைத் தளங்கள் இதில் சேராது. பக்கத்தின் நிலையைக் கூகுளின் இலவசக் கருவியான சர்ச் கன்சோல் எப்படிக் காட்டுகிறது என்பதையும் கேள்வியோடு எழுதுங்கள். அது தெரியாவிட்டால் யாராலும் ஊகிக்கத்தான் முடியும்.

புதுத்தளம்: வேர்ட்பிரஸில் தளம் தொடங்கி இரண்டு மாதமாகிறது. தளத்தின் பெயரையே தேடினாலும் வரவில்லை.

பதில்: செட்டிங்ஸில் ரீடிங் பக்கத்துக்குப் போங்கள். தேடுபொறிகள் வர வேண்டாம் என்று சொல்லும் கட்டம் ஒன்று அங்கே இருக்கும். தளத்தைக் கட்டும்போது அதில் டிக் போட்டவர்கள் பிறகு எடுக்க மறந்துவிடுவார்கள். அந்த டிக் இருக்கும்வரை எல்லாப் பக்கங்களிலும் நோஇண்டெக்ஸ் குறி போய்க்கொண்டே இருக்கும்.

அது சரியாக இருந்தால் அடுத்து ரோபோட்ஸ் கோப்பை (robots.txt) பாருங்கள். இங்கே ஒரு குழப்பம் பரவலாக உண்டு. ரோபோட்ஸ் கோப்பு ‘உள்ளே வந்து படிக்காதே’ என்கிறது. நோஇண்டெக்ஸ் ‘படித்துக்கொள், பட்டியலில் சேர்க்காதே’ என்கிறது. இரண்டையும் சேர்த்துப் போட்டால் கூகுளால் உள்ளே வர முடியாது, அதனால் நோஇண்டெக்ஸ் குறி அதன் கண்ணில் படவே படாது. வேறு தளங்களிலிருந்து இணைப்பு இருந்தால், நீங்கள் மறைக்க நினைத்த பக்கம் விளக்கமே இல்லாமல் வெறும் முகவரியாகத் தேடலில் நிற்கும். நோஇண்டெக்ஸை ரோபோட்ஸ் கோப்புக்குள் எழுதுவதும் வீண். கூகுள் அதை 2019 செப்டம்பரிலேயே கைவிட்டுவிட்டது.

இரண்டும் சரியென்றால் சர்ச் கன்சோலின் யூஆர்எல் இன்ஸ்பெக்ஷன் பெட்டியில் முகப்புப் பக்க முகவரியைப் போட்டு நேரடிச் சோதனை நடத்துங்கள். கூகுளின் கையில் கிடைத்த பக்கம் என்ன என்பது அதில் தெரிந்துவிடும்.

மணல்வீடு: 80 பதிவுகளில் 35 ‘டிஸ்கவர்டு’ என்றும் 20 ‘கிரால்ட்’ என்றும் காட்டி, இரண்டிலும் ‘இண்டெக்ஸ் ஆகவில்லை’ என்கிறது. என்ன வேறுபாடு?

பதில்: டிஸ்கவர்டு என்றால் முகவரி தெரியும், இன்னும் வந்து படிக்கவில்லை. கிரால்ட் என்றால் வந்து படித்தாயிற்று, எடுத்துக்கொள்ளவில்லை. மருந்தும் வேறு வேறு.

முதல் வகைக்கு உள்ளிணைப்பு வேண்டும். அந்த 35 பதிவுகளுக்குத் தளத்தின் மற்றப் பக்கங்களிலிருந்து இணைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். சைட்மேப்பில், அதாவது தேடுபொறிக்குத் தரும் முகவரிப் பட்டியலில், மட்டும் இருந்து வேறெங்கிருந்தும் இணைப்பில்லாத பக்கம் அநாதைப் பக்கம். அதே பொருளில் நன்றாக வாசிக்கப்படும் இரண்டு மூன்று பதிவுகளின் உடலுக்குள்ளிருந்து இணைப்புக் கொடுங்கள். இணைப்புச் சொல் ‘இங்கே சொடுக்கவும்’ என்று இருக்கக் கூடாது, போய்ச் சேரும் பக்கத்தின் பொருளைச் சொல்ல வேண்டும்.

இரண்டாம் வகையில் குறை பெரும்பாலும் பக்கத்தில்தான் இருக்கும். நான்கு வரிச் செய்தியா, உங்கள் தளத்திலேயே இன்னொரு பதிவு சொன்னதை மறுபடி சொல்கிறதா என்று பாருங்கள். எழுத்தைத் திருத்தாமல் ‘ரிக்வெஸ்ட் இண்டெக்ஸிங்’ பொத்தானை நாள்தோறும் அழுத்துவதால் எதுவும் மாறாது.

ஆவணக்காப்பாளன்: பழைய தளம் ஒன்று கைக்கு வந்திருக்கிறது. பாமினி எழுத்துருவில் ஏறத்தாழ 200 கட்டுரைகள். நல்ல எழுத்து, ஆனால் தேடலில் ஒன்றுகூட வருவதில்லை.

பதில்: வராது. திரையில் தமிழாகத் தெரிந்தாலும் கோப்பில் இருப்பது ஆங்கில எழுத்துகள். பாமினியில் ‘தமிழ்’ என்ற சொல் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகக் கிடக்கிறது. தேடுபொறிக்கு அது பொருளற்ற கோவை. 200 கட்டுரைகளையும் யூனிகோடுக்கு மாற்றினால், புதிதாக ஒரு வரி எழுதாமலேயே 200 பக்கங்கள் உயிர் பெறும். செய்யத் தகுந்த வேலை, ஆனால் கவனமாகச் செய்யுங்கள்.

முதலில் முழுப் பிரதி ஒன்று எடுத்து வையுங்கள். கட்டுரைக்கு நடுவே வரும் ஆங்கிலப் பெயர்களை எழுத்துரு மாற்றும் மென்பொருள் (மாற்றி) தொடாதபடி பிரித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அவையும் தமிழ்க் குப்பையாகிவிடும். மாற்றிய பிறகு ஒகர, ஓகாரக் குறிகளைச் சோதியுங்கள். சில மாற்றிகள் ‘கொ’ என்பதைக் கொம்பும் காலும் தனித்தனியாக வைத்து எழுதும். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது, உள்ளே குறியீடு வேறு. எல்லாவற்றையும், பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் யூனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்குக் கொண்டுவந்தால் இது சரியாகும்.

ஔகாரம் அப்படிச் சரியாகாது. ‘கௌரவம்’ என்பது ககரம், கொம்பு, ளகரம் என்று ‘கெளரவம்’ ஆகியிருக்கும். என்எஃப்சிக்கு அது பிழையாகவே தெரியாது, ஏனென்றால் அங்கே இருப்பது உண்மையான ளகரம். அதற்காகக் கொம்பும் ளகரமும் சேர்ந்து வரும் இடத்தையெல்லாம் ஒரே அடியாக மாற்றிவிடாதீர்கள். ‘வெளி’, ‘தெளிவு’ எல்லாம் உடைந்துபோகும். கௌரவம், மௌனம், பௌர்ணமி என்று சொல் சொல்லாகத்தான் திருத்த வேண்டும்.

கட்டுரைகளின் முகவரிகளை மட்டும் தொடாதீர்கள். அதே முகவரியில் உள்ளடக்கம் மாறட்டும்.

ஒற்றைவரி: பக்கத்தின் நிரலில் எழுதும் மெட்டா கீவேர்ட்ஸ் பட்டியலில் எத்தனை சொல் போடலாம்?

பதில்: ஒன்றும் வேண்டாம். தரவரிசைக்கு அதைப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009-லேயே சொல்லிவிட்டது.

எழுத்தாணி: பதிவின் முகவரியைத் தமிழில் வைப்பதா, ஆங்கில எழுத்தில் வைப்பதா?

பதில்: ஆங்கில எழுத்தில், மூன்று நான்கு சொற்களில். தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8 முறையில் மூன்று பைட். முகவரியில் அது சதவீதக் குறிகளோடு ஒன்பது எழுத்தாக நீளும். ‘தமிழ்’ என்ற ஒரு சொல்லுக்கு மட்டும் 45 எழுத்துகள். நகலெடுத்து ஒட்டினால் பல இடங்களில் அந்தச் சதவீத வால்தான் வரும்.

முகவரியில் பதிவின் பெயர் வரும் பகுதிக்கு வேர்ட்பிரஸ் 200 எழுத்துகளே தருகிறது. ‘இணையதளத்-தேடுபொறி-மேம்பாடு’ என்று வைத்துப் பாருங்கள். சொல்லுக்கு 72 வீதம், கோடுகளோடு சேர்த்து 218. கடைசிச் சொல் ‘மேம்பா’ என்று வெட்டுப்பட்டு நிற்கும்.

கல்வெட்டு: மறுக்கிறேன். வாசகரின் மொழியிலேயே முகவரி வைக்கலாம் என்று கூகுளின் வழிகாட்டியே பரிந்துரைக்கிறது.

பதில்: உண்மை. தமிழ் முகவரியால் தேடலில் இழப்பில்லை. ஆனால் முகவரியில் உள்ள சொற்கள் தரவரிசைக்குத் தரும் பலம் மிகச் சிறிது. நான் சொல்வது வெட்டுப்படுவதையும் பகிர்வதையும் பற்றி.

கல்வெட்டு: வெட்டுப்படுவது வேர்ட்பிரஸின் குறை. இரண்டு சொல்லில் வைத்தால் தீர்ந்தது. ஆங்கில எழுத்தில் வலி, வழி, வளி மூன்றும் ஒன்றாகிவிடுமே? மூன்று பதிவுகள் இருந்தால் வேர்ட்பிரஸ் பின்னால் 2, 3 என்று ஒட்டிவிடும்.

பதில்: நல்ல வாதம், ஏற்கிறேன். ழகரத்தை ஒருவர் ஒரு விதமாகவும் இன்னொருவர் வேறு விதமாகவும் எழுதுவதும் தொல்லைதான். தமிழில்தான் வேண்டுமென்றால் கோடுகளைக் கழித்து 21 குறிகளுக்குள் நிறுத்துங்கள். உயிர்மெய்க் குறியும் புள்ளியும் தனித்தனிக் குறிகளாகவே எண்ணப்படும். மேலே சொன்ன பிரிந்த ஒகரம் முகவரியில் புகுந்தால், கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரண்டு முகவரிகளில் ஒன்று திறக்காமல் போகலாம். அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எழுத்தாணி: அப்படியானால் என் பழைய 140 பதிவுகளின் முகவரிகளையும் தமிழாக்கிவிடலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். இந்த வாதம் முழுக்கப் புதிய பதிவுகளுக்கு. ஓடிக்கொண்டிருக்கும் முகவரியை அழகுக்காக மாற்றாதீர்கள். கிடைக்கும் பலன் மிகச் சிறிது, உடையக்கூடியவை நிறைய.

கல்வெட்டு: 301 (பழைய முகவரியைப் புதியதற்கு நிரந்தரமாகத் திருப்பும் கட்டளை) போட்டுவிட்டால் போதாதா?

பதில்: மாற்றியே தீர வேண்டிய நிலையில் போதும். ஒவ்வொரு பழைய முகவரியும் அதற்கு இணையான புதிய பக்கத்துக்கு ஒரே தாவலில் போக வேண்டும். குறைந்தது ஓராண்டு அது நிற்க வேண்டும், உள்ளிணைப்புகளையும் நேரடியாகத் திருத்த வேண்டும். எல்லாவற்றையும் முகப்புக்குத் திருப்பிவிட்டால் கூகுள் அவற்றைக் காணாமற்போன பக்கங்களாகவே எடுத்துக்கொள்ளும். பதிவின் முகவரியை மாற்றினால் வேர்ட்பிரஸ் தானாகவே திருப்பிவிடும் என்று நம்பிப் பலர் ‘பேஜ்’ வகையையும் மாற்றிவிடுகிறார்கள். அந்த வசதி ‘போஸ்ட்’ வகைக்கு உண்டு, பேஜுக்கு இல்லை.

நெய்தல்: தளம் தேடலில் வரவில்லை, ஏன்?

பதில்: முதல் பதிலைப் படித்து, இன்ஸ்பெக்ஷன் காட்டுவதோடு வாருங்கள்.

தாள்கட்டு: 60 பதிவுகளுக்கு 310 டேக் இருக்கிறது. பயனுண்டா?

பதில்: ஒவ்வொரு டேக்கும் ஒரு பக்கம். ஒரே ஒரு பதிவை மட்டும் காட்டும் பக்கங்களால் யாருக்கு என்ன பயன்? ஐந்து பதிவுகளாவது சேரும் டேக்குகளை வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்குங்கள்.

இருதலை: ஒரே பொருளில் இரண்டு பதிவுகள், இரண்டும் மூன்றாம் பக்கத்தில் நிற்கின்றன.

பதில்: சர்ச் கன்சோலின் பெர்ஃபார்மன்ஸ் அறிக்கையில் அந்தத் தேடல் சொல்லை வடிகட்டி ‘பேஜஸ்’ தாவலைத் திறங்கள். ஒரே சொல்லுக்கு இரண்டும் மாறி மாறி வந்தால் இணைத்துவிடலாம். கிளிக்கும் வெளியிணைப்பும் கூடுதலாக உள்ளதை வைத்துக்கொண்டு, மற்றதில் உள்ள நல்ல பகுதிகளை அதற்குள் கொண்டுவந்து, மற்றதன் முகவரியை 301 மூலம் இதற்குத் திருப்புங்கள். இரண்டும் வேறு வேறு சொற்களுக்கு வந்தால் இணைக்காதீர்கள், தலைப்புகளைத் தெளிவாகப் பிரித்தாலே போதும்.

நாள்காட்டி: பழைய பதிவின் தேதியைப் புதிதாக்கினால் மேலே வருமா?

பதில்: எழுத்து மாறாமல் தேதியை மட்டும் மாற்றுவது வாசகரை ஏமாற்றுவது. சைட்மேப்பின் லாஸ்ட்மாட் (கடைசியாகத் திருத்திய) தேதி உண்மையோடு ஒத்துப்போனால்தான் கூகுள் அதை மதிக்கும். அங்கே எழுதும் பிரியாரிட்டி (முக்கியத்துவம்), சேஞ்ச்ஃப்ரீக் (எத்தனை நாளுக்கொரு முறை மாறும்) இரண்டையும் அது பார்ப்பதே இல்லை.

மின்னல்: பேஜ்ஸ்பீடு மதிப்பெண் 58. 100 ஆக்க எந்த பிளகின்?

பதில்: 100-ஐ விரட்டாதீர்கள். அது ஆய்வகச் சோதனையின் மதிப்பெண். பார்க்க வேண்டியவை மூன்று: முதன்மைப் பகுதி தெரிய 2.5 விநாடிக்குள், சொடுக்கினால் அசைவு தெரிய 200 மில்லிவிநாடிக்குள், பக்கக் குலுக்கம் 0.1-க்குள். வருகைகளில் 75 சதவீதத்துக்கு இவை அமைய வேண்டும்.

சிறிய தளத்தில் சிக்கல் பெரும்பாலும் மேலே நிற்கும் படம்தான். 4000 பிக்சல் அகலப் படத்தை 1200-க்குக் குறைத்து வெப்பி வடிவில் ஏற்றுங்கள். அந்த முதல் படத்துக்கு லேசி லோடிங் (வாசகர் உருட்டி வரும்போது மட்டும் படத்தை ஏற்றும் வசதி) போடாதீர்கள், வரவேண்டியது தாமதமாகும். எல்லாப் படங்களுக்கும் அகல உயரம் எழுதுங்கள், குலுக்கம் குறையும்.

வணிகன்: வேறு தளங்களிலிருந்து 500 பேக்லிங்க் (இணைப்பு) தருவதாக ஒருவர் சொல்கிறார்.

பதில்: வாங்காதீர்கள்.

நெய்தல்: இன்ஸ்பெக்ஷன் பார்த்தேன். ‘பேஜ் வித் ரீடைரக்ட்’ என்கிறது. போன மாதம் எல்லா முகவரிகளிலிருந்தும் தேதியை எடுத்தேன்.

பதில்: இப்போது பதில் சொல்ல முடிகிறது. நீங்கள் பார்த்தது பழைய முகவரி. அதற்கு அந்த நிலை சரியானதே. புதிய முகவரியைப் போட்டுப் பாருங்கள். சைட்மேப்பில் புதியவை மட்டும் இருக்கின்றனவா, எது அசல் முகவரி என்று சொல்லும் கெனானிகல் குறி இன்னும் பழையதைக் காட்டுகிறதா என்றும் பாருங்கள். எல்லாம் சரியென்றால் பொறுத்திருங்கள், சில வாரங்கள் ஆகலாம். இடையில் தேதியைத் திரும்பச் சேர்க்காதீர்கள், சேர்த்தால் எல்லா முகவரியும் இரண்டாம் முறை இடம்பெயரும். சர்ச் கன்சோலில் 16 மாதத் தரவுதான் தங்கும். மாற்றத்துக்கு முந்தைய எண்களை இன்றே பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.