மூட்டு மாற்றிய முழங்காலில் வலி, சிஆர்பி 18: ஆன்டிபயாடிக் ஆரம்பிக்கலாமா?

இப்போது வேண்டாம். மூட்டு நீர் எடுத்து கல்ச்சருக்கு (கிருமியை லேபில் வளர்த்துப் பார்க்கும் சோதனை) அனுப்பிய பிறகு உங்கள் அம்மாவுக்குத் தொடங்கலாம். முதலிலேயே மாத்திரை போட்டால் கிருமி கல்ச்சரில் வளராமல் போகலாம். அப்புறம் எந்தக் கிருமி என்றே தெரியாமல் மருந்து மாற்றிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

ஆபரேஷன் முடிந்து 8 மாதம், ராத்திரியிலும் வலி, காய்ச்சல் இல்லை என்கிறீர்கள். சிஆர்பி என்பது உடலில் அழற்சி இருந்தால் ரத்தத்தில் ஏறும் புரதம்; ஆபரேஷனால் ஏறியது இதற்குள் லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்குக் கீழே வந்திருக்கும். உள்ளுக்குள் புகையும் தொற்றைத்தான் முதலில் சந்தேகிப்பேன். காய்ச்சல் இல்லாதது பெரிய ஆறுதல் இல்லை.

வேளச்சேரி லேபில் திரும்பத் திரும்ப ரத்தம் கொடுத்துப் பயனில்லை. ஆபரேஷன் செய்த டாக்டரிடமே ஊசியில் நீர் எடுக்கச் சொல்லுங்கள். அந்த நீரில் வெள்ளணு மைக்ரோலிட்டருக்கு 3,000 தாண்டினால் சந்தேகம் வலுக்கும். கல்ச்சரை 14 நாள் வைப்பார்களா என்றும் கேளுங்கள், சில கிருமிகள் அவ்வளவு சோம்பேறி.

சிறுநீர்த் தொற்றிலும் சிஆர்பி ஏறும், அதனால் அதை மட்டும் வைத்து முட்டியில்தான் தொற்று என்று முடிவு செய்ய முடியாது. ஆனால் முட்டி சிவந்து வீங்கினாலோ, சீழ் வடிந்தாலோ, குளிர்காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே எமர்ஜென்சிக்குப் போய்விடுங்கள்.