வாங்கும் முன் ஒரு வார்த்தை: தெருப் பந்தய கேமும் திரும்பி வராத காசும்

பள்ளி விடுமுறை வந்தால் போதும், எனக்கு வரும் கடிதங்களின் நிறமே மாறிவிடுகிறது. வாட்டர் ஹீட்டர், சமையல் எண்ணெய்க் கேள்விகளை அடுத்த வாரத்துக்குத் தள்ளி வைத்திருக்கிறேன். இந்த வாரம் முழுக்கக் கார் பந்தய கேம்தான்.

கேள்வி: வணக்கம் ஐயா. நான் பினாங்கில், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை செய்கிறேன். எஸ்பிஎம் பரீட்சை எழுதி முடித்த மகன் ‘டோக்கியோ எக்ஸ்ட்ரீம் ரேசர்’ என்ற கேமை வாங்கித் தரச் சொல்லி ஒரு மாதமாகப் பின்னாலேயே சுற்றுகிறான். விளையாடியவர்கள் எல்லாம் ஆகா ஓகோ என்று எழுதியிருப்பதை எனக்குப் படித்துக்கூடக் காட்டினான். ஆனால் நடுராத்திரியில் நெடுஞ்சாலையில் பந்தயம் விடுவதுதான் கேமே! காசைக் கொடுத்து நானே அவனைக் கெடுத்துவிடுவேனோ என்று யோசனையாக இருக்கிறது. அவனுடைய லேப்டாப்பும் 5 வருடப் பழசு. வாங்கலாமா?
— வாசகி, பாயான் பாரு

பதில்: அம்மா, மகன் படித்துக் காட்டியது பொய்யில்லை. ரசிகர்கள் நிஜமாகவே கொண்டாடுகிறார்கள். ஆனால் கொண்டாடுகிறவர் யார் என்பதையும் பார்க்க வேண்டும்.

கென்கி என்ற ஜப்பான் நிறுவனம் 1994-லிருந்து செய்துவரும் வரிசை இது. தோக்கியோவின் நகர நெடுஞ்சாலைதான் களம். டிவியில் மாட்டி விளையாடும் வீட்டுக் கன்சோலுக்கு என்று 2006-ல் ஒன்று வந்தது, அதற்குப் பிறகு 18 வருடங்களுக்கு மேல் வறட்சி. 2025 ஜனவரி 23-ல் அரைகுறைப் பதிப்பை ஸ்டீம் என்ற கணினி கேம் இணையக் கடையில் விற்பனைக்கு விட்டார்கள். செப்டம்பர் 25-ல்தான் முழு கேம் வந்தது. அதனால் முதல் வாரத்தில் ஓடி வந்து எழுதியவர்களில் நிறையப் பேர் என் வயதுக்காரர்கள். வெளியூரிலிருந்து பல வருடம் கழித்து வீட்டுக்கு வந்தவனுக்கு முதல் நாள் ரசம் எப்படி இருக்கும்? உப்பு இல்லாவிட்டாலும் அமிர்தம்தானே. உங்கள் பையன் 2006-ல் பிறக்கக்கூட இல்லை. அவன் நாக்குக்கும் அப்படியே ருசிக்க வேண்டும் என்று சட்டமில்லை.

நானும் ஒரு சனிக்கிழமை இரவு ஃபார்லிமில் அக்காள் மகன் வீட்டில் உட்கார்ந்து ஓட்டிப் பார்த்தேன். முன்னால் போகிற காரை நெருங்கி ஹெட்லைட்டை மினுக்கினால் பந்தயம் ஆரம்பம். முடிவுக் கோடு என்று ஒன்று கிடையாது. திரையில் ஆளுக்கொரு பட்டை இருக்கும். பின்தங்கினால் பட்டை கரையும், சுவரில் உரசினாலும் கரையும். யாருடைய பட்டை முதலில் தீர்கிறதோ அவர் தோற்றார். இரண்டாவது வளைவில் சுவரைத் தேய்த்துக்கொண்டே போனேன். பட்டை ஐஸ் கச்சாங் மாதிரி உருகிவிட்டது. பையன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். நன்றாகத்தான் இருக்கிறது, மறைக்கவில்லை.

இப்போது முணுமுணுப்புகள். அதே சாலை, அதே இரவு. காரை மேம்படுத்தக் காசு சேர்க்க வேண்டும் என்றால் பந்தயம் மேல் பந்தயமாக விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். போலீஸ் துரத்தல் இல்லை. முக்கியமாக, இது தனியாள் கேம். கூட்டாளிகளோடு இணையத்தில் சேர்ந்து ஓட்ட முடியாது. ‘நீட் ஃபார் ஸ்பீட்’ பார்த்து வளர்ந்து, போலீஸ் காரிடமிருந்து தப்பிக்கும் பரபரப்பையும் நண்பர்களோடு அரட்டையையும் எதிர்பார்க்கிற பையனுக்கு இது நாலு நாளில் சலித்துவிடும். ராத்திரிச் சாலை, எஞ்சின் சத்தம், காரை அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்து ஏற்றம் செய்வது, இதெல்லாம் பிடித்த பையன் என்றால் ஆறு மாதத்துக்கு வெளியே வரமாட்டான். இரண்டில் உங்கள் மகன் எந்த ரகம் என்று நேராகவே கேட்டுவிடுங்கள்.

அவன் படித்துக் காட்டிய அதே ஸ்டீம் பக்கத்தைத் திறக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு விமர்சனத்துடனும், எழுதியவர் எத்தனை மணி நேரம் விளையாடினார் என்று போட்டிருக்கும். 2 மணி நேரம் விளையாடிவிட்டுப் புகழ்ந்தவரை விட்டுவிடுங்கள். 60 மணி நேரம் விளையாடிய பிறகும் எதையோ குறை சொல்கிறாரே, அவர் எழுதியதைப் படியுங்கள். நாசி கண்டார் கடைக்கு வாரம் மூன்று நாள் போகிறவர்தான் குழம்பில் என்ன குறை என்று சரியாகச் சொல்வார்.

லேப்டாப் விஷயத்தில் ஊகம் வேண்டாம். வாங்கிய 14 நாளுக்குள், விளையாடிய நேரம் 2 மணிக்குக் கீழே இருந்தால் ஸ்டீம் காசைத் திருப்பித் தரும், காரணம் பெரிதாகக் கேட்பதில்லை. டவுன்லோட் ஆகும் நேரம் இந்தக் கணக்கில் சேராது. ஆனால் கேமைத் திறந்து வைத்துவிட்டு மீ கோரெங் சாப்பிடப் போனால், அந்த நேரம் ஓடிக்கொண்டே இருக்கும். இங்கேதான் பல பேர் கோட்டை விடுகிறார்கள். அதனால் வாங்கிய அன்றே உட்கார்ந்து ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்க்கட்டும். படம் தடுமாறினாலோ லேப்டாப் அடுப்பு மாதிரி கொதித்தாலோ அன்றைக்கே பணத்தைக் கேட்டுவிடலாம்.

மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு, சாலையில் பந்தயம் விடும் ரெம்பிட் கூட்டத்தோடு பினாங்கு பாலத்துக்குப் போய்விடுவானோ என்பதுதான் உங்கள் உள்பயம், புரிகிறது. அதற்குக் கேம் கடையில் மருந்து கிடையாது. மோட்டார் சாவி யாரிடம் இருக்கிறது என்பதைத்தான் கேட்பேன்.

கேள்வி: அண்ணே, அடுத்து வரப்போகும் ஒரு பந்தய கேமுக்கு விலை கூடிய பதிப்பை இப்போதே புக் பண்ணினால் சில நாள் முன்னதாகவே விளையாடலாமாம். சாதாரணப் பதிப்பைவிட 100 வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் அதிகம். கூட்டாளிகள் எல்லாம் கட்டிவிட்டார்கள். நானும் கட்டட்டுமா?
— பட்டர்வொர்த் தம்பி

பதில்: கட்டாதே தம்பி.

2024-ல் ‘டெஸ்ட் டிரைவ் அன்லிமிடெட் சோலார் கிரௌன்’ வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? ஹாங்காங் தீவை அப்படியே தெருத் தெருவாகக் கட்டியிருந்தார்கள். பார்க்கவே ஆசையாக இருந்தது, நானும் வாயைப் பிளந்தேன். செப்டம்பர் 12-ல் வெளியீடு, விலை கூடிய பதிப்பு வாங்கியவர்களுக்கு ஒரு வாரம் முன்னதாகவே கதவு திறக்கும் என்றார்கள். ஆனால் எப்போதும் இணையத்தில் இருந்தால்தான் ஓடும் கேம் அது. கூட்டம் வந்ததும் சர்வர் திணறிப் போனது. கூடுதல் காசு கொடுத்தவர்கள் காரைப் பார்க்காமல் இணைப்புக் கோளாறுப் பலகையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். முந்திப் போகக் காசு கொடுத்து, வரிசையில் முதல் ஆளாக மாட்டிக்கொண்ட கதை.

இன்னொன்று. முன்னதாக விளையாடும் அந்த நேரத்தையும் ஸ்டீம் 2024 ஏப்ரலிலிருந்து அதே 2 மணி நேரக் கணக்கில் சேர்த்துவிட்டது. பிஎஸ்5 (பிளேஸ்டேஷன் 5) கன்சோல் வைத்திருக்கிறாய் என்றால் இன்னும் கறார்: பிளேஸ்டேஷன் ஸ்டோரில் டவுன்லோட் பட்டனை அழுத்திவிட்டால், கேமிலேயே பழுது இருந்தால் ஒழியப் பணம் திரும்பாது. புக் பண்ணியிருக்கும் உன் கூட்டாளிகளிடம் சொல், வெளியீட்டு நாளுக்கு முன்னால் ரத்து செய்யலாம். அதற்குள் கன்சோல் தானாகவே டவுன்லோட் செய்யாதபடி அந்த வசதியை அணைத்து வைக்கச் சொல்.

வந்து இரண்டு வாரம் கழித்து வாங்கு. கூட்டாளிகள் கட்டிய காசுக்கு அதற்குள் உனக்கு இலவசமாக விமர்சனம் கிடைத்துவிடும்.

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை லோரோங் குலிட் சந்தையில் ‘தி க்ரூ’ என்ற கார் பந்தய கேமின் பிஎஸ்4 டிஸ்க்கை 25 வெள்ளிக்கு வாங்கினேன். கீறல் இல்லை, பளபளவென்று இருந்தது. வீட்டில் போட்டால் சர்வரைத் தேடிக்கொண்டே நிற்கிறது, உள்ளே போகவே முடியவில்லை. விற்றவரை அடுத்த வாரம் தேடினேன், ஆள் இல்லை. பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போகலாமா?
— ஜெலுத்தோங் வாசகர்

பதில்: ஐயா, உங்கள் டிஸ்க்கில் பழுதில்லை, அந்த கேமே செத்துவிட்டது. 2014 டிசம்பரில் யூபிசாஃப்ட் நிறுவனம் வெளியிட்டது. அமெரிக்கா முழுவதையும் சுருக்கி ஒரே வரைபடமாக்கி, கரைக்குக் கரை ஓட்டலாம் என்றார்கள். தனியாக ஓட்டினாலும் சர்வர் இணைப்பு கட்டாயம். 2023 டிசம்பரில் விற்பனையை நிறுத்தினார்கள், 2024 மார்ச் 31-ல் சர்வரை அணைத்தார்கள். அன்றோடு உலகத்தில் இருக்கும் எல்லா ‘தி க்ரூ’ டிஸ்க்கும் தேநீர்க் கிளாஸுக்கு அடியில் வைக்கத்தான் லாயக்கு. கடையில் முழு விலை கொடுத்து வாங்கியவர்களுக்கும் இதே கதிதான்.

ரசிகர்கள் சும்மா இருக்கவில்லை. கேம்களைக் கொல்லாதே என்று 2024-ல் தொடங்கிய இயக்கம் ஐரோப்பாவில் 10 லட்சம் கையெழுத்தைத் தாண்டியது. அடுத்த பாகமான ‘தி க்ரூ 2’-க்கு இணையம் இல்லாமலும் ஓடும் வசதியை 2025-ல் கொடுத்திருக்கிறார்கள். முதல் பாகத்துக்கு அந்த யோகம் இல்லை.

நடுவர் மன்றம் என்றால், நாம் ட்ரிபுனல் என்று சொல்கிறோமே, 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்தது. மனுக் கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரை கேட்கலாம், வழக்கறிஞர் வேண்டாம், 3 வருடத்துக்குள் போட வேண்டும். ஆனால் மனுவில் எதிர்த்தரப்பின் பெயரும் முகவரியும் எழுத வேண்டுமே! தார்ப்பாய் விரித்து, பழைய கடிகாரத்துக்கும் ரேடியோவுக்கும் நடுவில் டிஸ்க்கை வைத்து விற்றவருக்கு எந்த முகவரியை எழுதுவீர்கள்? 25 வெள்ளியை மறந்துவிடுங்கள். நிலையான கடையில், ரசீதோடு வாங்கியிருந்தால் கதை வேறு. அப்போது கடைக்காரரிடம் ஒருமுறை எழுத்தில் கேளுங்கள். மசியவில்லை என்றால் மஸ்ஜித் நெகிரி சாலையில் இருக்கும் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தில் போய்ப் பேசிவிட்டு மனுப் போடலாம்.

இனிமேல் பழைய பந்தய டிஸ்க் எதை எடுத்தாலும் அட்டையைத் திருப்புங்கள். பின்பக்கம் கீழே, எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில், இணைய இணைப்பு தேவையா என்று போட்டிருக்கும். கைப்பேசியில் படம் பிடித்துப் பெரிதாக்கிப் படியுங்கள், கூச்சப்பட வேண்டாம்.

அட்டையைச் சரியாகப் பார்க்காமல் நானும் ஒருமுறை ஏமாந்தேன். பெயர் வேண்டாம், ஒரு கடையில் 30 வெள்ளி குறைவு என்று ஆர்2, அதாவது வேறு வட்டாரத்துக்கான டிஸ்க் ஒன்றை வாங்கி வந்தேன். கேம் ஓடியது, குறையில்லை. பிறகு கூடுதல் கார்கள் அடங்கிய தொகுப்பை என் மலேசியக் கணக்கில் காசு கட்டி வாங்கினால், கேம் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. டிஸ்க் ஒரு வட்டாரம், கணக்கு இன்னொரு வட்டாரம். பிஎஸ்4, பிஎஸ்5-ல் டிஸ்க் எந்த ஊரிலிருந்து வந்தாலும் ஓடும். மேல்தொகுப்பு மட்டும் வட்டாரம் பார்க்கும். கடைக்காரர், “பாஸ், டிஸ்க் ஓடுதுல்ல?” என்று கேட்டுவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார். நம் கணக்குக்குப் பொருந்துவது ஆர்3.

கேள்வி: இணையச் சந்தையில் ஒருவர் 40 வெள்ளிக்கு ஸ்டீம் கணக்கையே விற்கிறார். உள்ளே நாலைந்து கார் கேம் இருக்கிறதாம். நம்பலாமா?
— புக்கிட் மெர்தாஜாம்

பதில்: வேண்டாம். கணக்கை விற்பதே ஸ்டீம் விதிப்படி தப்பு. விற்றவர் நாளைக்குக் கடவுச்சொல்லை மாற்றினால் நீங்கள் யாரிடம் போய் அழுவீர்கள்? ஏற்கனவே வாங்கிவிட்டீர்கள் என்றால், பொருள் கிடைத்தது என்ற பட்டனை அழுத்தாமல் இன்றைக்கே சந்தைச் செயலியில் தகராறு பதிவு செய்யுங்கள்.

கேள்வி: ஓய்வு பெற்றுவிட்டேன். பேரனோடு சேர்ந்து ஓட்ட ஸ்டீயரிங் வீல் வாங்க ஆசை. வீட்டில் எக்ஸ்பாக்ஸ் இருக்கிறது. பிராங்கின் மாலில் பழைய லாஜிடெக் ஜி29 ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. எடுக்கலாமா?
— ஆயர் ஈத்தாம் தாத்தா

பதில்: தாத்தா, எடுத்திருந்தால் அப்படியே அலமாரிக்குப் போயிருக்கும். ஜி29 பிளேஸ்டேஷனுக்கும் கணினிக்கும் மட்டும்தான். எக்ஸ்பாக்ஸுக்கு ஜி920. ஜி923 என்று கேட்டாலும் கவனம், ஒரே பெயரில் இரண்டு வகை இருக்கிறது: ஒன்று பிளேஸ்டேஷனுக்கு, இன்னொன்று எக்ஸ்பாக்ஸுக்கு. பெட்டியில் உங்கள் கன்சோலின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள், வாய் வார்த்தையை நம்ப வேண்டாம். கியர் குச்சி பெட்டியில் வராது, தனியாகத்தான் வாங்க வேண்டும்.

பழையது என்பதால் கடையிலேயே மின்சாரமும் கன்சோல் இணைப்பும் கொடுக்கச் சொல்லுங்கள். செருகியதும் வீல் தானாக இடமும் வலமும் முழுக்கச் சுற்றி நடுவுக்கு வந்து நிற்க வேண்டும். பாதியில் நின்றாலோ கரகரவென்று அரைத்தாலோ வைத்துவிட்டு வந்துவிடுங்கள். பிரேக் பெடல் மற்ற இரண்டைவிடக் கெட்டியாக இருக்கும், அதைப் பழுது என்று நினைக்காதீர்கள். கிளம்பும் முன் வீட்டு மேசை விளிம்பின் கனத்தை அளந்துகொண்டு போங்கள்; வீலைப் பிடிக்கும் கிளாம்ப் அதில் உட்கார வேண்டும்.