பந்தியில் மாஸ்க் எங்கே போனது?

கேள்வி: கொரோனா காலத்தில் வாசலிலேயே கை கழுவினோம், மாஸ்க் போட்டோம், தள்ளி நின்றோம். இப்போது எல்லாம் போச்சு. போன மாதம் கோவையில் ஒரு கல்யாணம். எனக்கு மூன்று நாளாகச் சளியும் காய்ச்சலும். தட்ட முடியாத சொந்தம் என்பதால் போனேன். பொறுப்பாக மாஸ்க் போட்டுக்கொண்டு போனால், "என்னங்க, இன்னும் கொரோனாவா?" என்று சிரிக்கிறார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் பின்சீட்டுக்காரர் என் பிடரியிலேயே தும்முகிறார். இவ்வளவு பட்டும் நம் ஜனங்களுக்கு ஏன் புத்தி வரவில்லை?
(பெயர் வேண்டாம் என்ற வாசகர், கோத்தகிரி)

பதில்: காய்ச்சலோடு கல்யாணத்துக்குப் போனவர் நீங்கள். முதலில் அதைப் பேசிவிடுவோம். மாஸ்க் போட்டுப் போனீர்கள், சரி. மேடையில் போட்டோ எடுக்கும்போது? பந்தியில் இலை போட்டதும் மாஸ்க் எங்கே போனது, தாடைக்கா, சட்டைப் பைக்கா? பக்கத்து இலைக்காரர் இப்போது எனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கலாம்.

உங்களைக் கிண்டல் செய்ய இதைச் சொல்லவில்லை. மாஸ்க் போடும் அளவுக்கு அக்கறை உள்ள உங்களாலேயே வீட்டில் இருக்க முடியவில்லை. போகாவிட்டால் சொந்தக்காரர்கள் பத்து வருஷம் சொல்லிக்காட்டுவார்கள். ஆகவே போனீர்கள். ஜனங்கள் என்று நீங்கள் திட்டுகிறவர்களும் இப்படித்தான் போகிறார்கள்.

இதே சொந்தக்காரர்களிடம், "வீட்டில் அம்மை போட்டிருக்கிறது" என்று மட்டும் சொல்லியிருந்தால்? "ஐயோ, வர வேண்டாம், தாயை நல்லபடியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று அவர்களே தடுத்திருப்பார்கள். வாசலில் வேப்பிலை செருகியிருந்தால் கீரைக்காரம்மாகூடத் தெருவில் நின்றே குரல் கொடுப்பார். தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரை அந்த வீட்டார் எந்த விசேஷத்துக்கும் போக மாட்டார்கள். யாரும் கோபித்துக்கொள்ளவும் மாட்டார்கள். வைரஸ் என்ற சொல்லைக் கேள்விப்படாத பாட்டிமார் நடத்திய தனிமைப்படுத்தல் இது. எந்த உத்தரவும் இல்லாமல் இன்றுவரை நடக்கிறது. இதைக் கடைப்பிடிக்கிற அதே ஜனங்களைப் புத்தியில்லாதவர்கள் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அம்மைக்கு வீட்டில் இருந்தால் மரியாதை, சளிக்கு இருந்தால் சாக்குப்போக்கு. வித்தியாசம் அவ்வளவுதான்.

அப்புறம் கூலி. உங்கள் நீலகிரியில் கேத்தி பக்கம் கேரட் அறுவடைக்கு விடியுமுன்னே வண்டியில் நெருக்கிக்கொண்டு போகிறார்களே, அவர்களில் ஒருவர் "எனக்குக் காய்ச்சல், இன்று வரவில்லை" என்றால் அன்றைய கூலி போயிற்று. பெரிய எஸ்டேட்டில் நிரந்தரத் தொழிலாளிக்கு நோய்க்கால உதவித்தொகை என்று ஒன்றை 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டமே கொண்டுவந்தது. சிறு விவசாயி தோட்டத்தில் நாள் கூலிக்குப் பச்சைத் தேயிலை பறிக்கிறவருக்கு அது ஏது? அவர் ஒரு பாராசிட்டமாலை விழுங்கிவிட்டுக் கூடையை மாட்டுவார். "உடம்பு சரியில்லை என்றால் வீட்டிலேயே இருங்கள்" என்கிற சுவரொட்டி அவருக்கு ஒட்டப்பட்டதல்ல.

நானும் யோக்கியன் இல்லை. இதழ் முடிக்கிற நாளில் ஒரு தம்பி தொண்டை கட்டிய குரலில் போன் செய்தார். "ஒரு மாத்திரை போட்டுக்கிட்டு வந்துடுப்பா" என்றேன். அடுத்த வாரம் அலுவலகத்தில் பாதிப் பேர் இருமினார்கள். நானும்தான்.

பஸ் விஷயத்துக்கு வருகிறேன். பின்சீட்டுக்காரர் தும்மியது தப்புதான். ஜன்னல் திறந்திருந்ததா? மேட்டுப்பாளையத்தில் வேர்த்து வடிந்துகொண்டு எல்லா ஜன்னலையும் திறந்துவைப்போம். குஞ்சப்பனை தாண்டி வண்டி ஏற ஏற ஷட்டர்கள் ஒவ்வொன்றாக இறங்கும். ஒருவர் திறந்தால் முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் சத்தம் வரும். அப்புறம் அறுபது பேர் விட்ட மூச்சை அறுபது பேரும் இழுத்துக்கொண்டு ஊர் போய்ச் சேர வேண்டியதுதான். கொரோனா காற்றில் பரவுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் தெளிவாக எழுதவே 2021 ஆகிவிட்டது. அதற்குள் நாம் ரோட்டுக்கு மருந்து அடித்தோம், பால் பாக்கெட்டைக் குளிப்பாட்டினோம், மணிக்கட்டில் துப்பாக்கி வைத்து 94 டிகிரி என்று படித்துவிட்டு உள்ளே அனுப்பினோம். இவையும் போய்விட்டதில் எனக்கு வருத்தமே கிடையாது. ஜன்னலை நான்கு விரல் திறந்துவைக்கிற பழக்கம் மட்டும் அப்போதும் வரவில்லை.

2025 ஜனவரியில் சென்னையிலும் சேலத்திலும் ஊருக்கு ஒருவராக இரண்டு பேருக்கு எச்.எம்.பி.வி. என்கிற சளி வைரஸ் தொற்று என்றதும் நீலகிரிக்கு வருகிறவர்கள் மாஸ்க் போட வேண்டும் என்று உத்தரவு வந்தது. அது 2001லேயே கண்டுபிடித்த பழைய வைரஸ். செய்தி ஓடிய வரை மாஸ்க் ஓடியது. செய்தி நின்றதும் நின்றது. அதே ஊட்டியில் மங்கி குல்லாவையும் மஃப்ளரையும் பாருங்கள். மூக்கை மூடச் சொல்லி யாரும் மிரட்டவில்லை. குளிர்கிறது, மூடிக்கொள்கிறார்கள்.

உங்கள் மாவட்டத்துக்கு ஒரு பழக்கத்தை நிலைக்கவைக்கத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. பிளாஸ்டிக் பைக்குத் தடை நாட்டிலேயே முன்கூட்டிக் கொண்டுவந்த மாவட்டங்களில் நீலகிரியும் ஒன்று. பாட்டிலுக்கும் தடை போட்டபோது கூடவே தண்ணீர் ஏடிஎம்களையும் வைத்தார்கள். குறை உண்டு, பழுதானவையும் உண்டு. ஆனாலும் பாட்டிலைப் பிடுங்கியவர் குடிக்க ஒரு வழியையும் காட்டினார். கை கழுவும் விஷயத்தில் நாம் பிரசங்கம் மட்டும் வைத்தோம். சமீபத்தில் மலையில் ஒரு டீக்கடை வாசலில், காலால் மிதித்தால் சானிடைசர் வருமே, அந்த இரும்புக் கம்பத்தைப் பார்த்தேன். மிதி துருப்பிடித்து இறுகிவிட்டது. புட்டி இருந்த வளையத்தில் கடைக்காரர் குடையை மாட்டியிருந்தார். உள்ளே கை கழுவக் குழாய் எங்கே என்று கேட்டேன். டம்ளர் தண்ணீரைக் காட்டினார்.

அடுத்த கல்யாணத்துக்கு முந்தின நாள் காய்ச்சல் வந்தால் மொய்யை ஜீபேயில் அனுப்பிவிட்டுப் படுத்துக்கொள்ளுங்கள். யாராவது கேட்டால் இந்தப் பக்கத்தைக் காட்டி, திட்டை என் பெயருக்குத் திருப்பிவிடுங்கள். உங்கள் வீட்டு வேலைக்கு வருகிற அம்மா இருமிக்கொண்டு வந்தால், சம்பளத்தைப் பிடிக்காமல் இரண்டு நாள் வீட்டுக்கு அனுப்பிப் பாருங்கள். அதற்குப் பிறகும் ஜனங்களுக்குப் புத்தியில்லை என்று தோன்றினால் மறுபடி எழுதுங்கள்.